பதினேழு ஒன்று... ஒரே ஒரு ஐந்து!

ட்ரிங்... ட்ரிங்...

ராஜபாளையம். போலீஸ் ஸ்டேஷன். 1987, ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால்.

ஏட்டு காதர் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ..."

"ஒருத்தரைக் கொன்னுட்டாக சார்!"

பெண் குரல். நடுங்கியது.

காதர் விறைப்பானார். "யாரும்மா பேசுதது? பாடி எங்க கெடக்கு?"

"பாடியை நான் பாக்கல..."

"பின்ன கொலைன்னு எப்படிச் சொல்லுதீய?"

"நம்பர் அஞ்சுல முடியுது சார்!"

காதர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு எதிரே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஆண்டிச்சாமியிடம் நீட்டினார்.

"ஐயா... இது நமக்குச் சரிப்பட்டு வராது. நீங்களே பேசுங்க."

ஆண்டிச்சாமி இரண்டு நிமிடம் கேட்டார். மூன்றாவது நிமிடம், "நேர்ல வாங்கம்மா" என்று சொல்லி வைத்தார்.

பதினோரு மணிக்கு அவள் வந்தாள்.

மெகராஜ் பேகம். வயது நாற்பத்து மூன்று. குள்ளம். வெளுத்த நீலச் சேலை, தலையில் முக்காடு, தோளில் ஒரு ரெக்சின் பை. ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்.

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ள எல்லோரையும் எல்லோருடனும் பேச வைப்பவள். கல்யாணச் சேதி, சாவுச் சேதி எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும்.

அவளுக்கென்று ஒரு போன்... இருபது வருடத்தில் வந்ததே இல்லை!

தம்பிகள் இருவரும் துபாய் போய்விட்டார்கள். அம்மா இறந்து ஏழு வருடம். அடுப்பில் ஒரு ஆள் சோறு.

மேஜைமேல் ஒரு போஸ்ட்கார்டை வைத்தாள்.

மேலே ஒரு வரிசை ஒன்றுகள்.

11111111111111111.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் எண்கள்... எண்கள்... எண்கள். 'நலம்' இல்லை. 'அன்புள்ள' இல்லை. எழுதியவர் பேர்கூட இல்லை.

ஆண்டிச்சாமி முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது? வேலி போட்ட மாதிரி இருக்கு!"

"பதினேழு ஒன்னு சார். ஒரே நம்பர். நூத்திப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினோரு..."

"அம்புட்டுத்தானா?"

"...கோடி! அதுக்குப் பொறவும் கொஞ்சம் இருக்கு சார்."

"போதும், போதும்! இது யார் எழுதுனது?"

"ராஜரத்தினம்னு பேரு. இந்த ஊர்தான். பட்டாளத்துல சிக்னல்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. அம்பத்தெட்டு வயசு. கல்யாணம் பண்ணிக்கல. மில்லுக்குப் பின்னால மாடி வீட்டுல தனியா இருக்காரு..."

"உங்களுக்கு என்ன உறவு?"

மெகராஜ் பேகம் யோசித்தாள்.

"உறவு ஒண்ணும் இல்ல சார். நேர்ல பார்த்ததுகூட இல்ல."

"பார்த்ததே இல்லையா!"

"பதினோரு வருசமா கார்டு மட்டும்தான்."

1976-இல் ஒரு வாரப் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் நாலு வரிக் கடிதம் வந்திருந்தது. 'பதினேழு ஒன்றுகளைச் சேர்த்து எழுதினால் வரும் எண்ணை, மீதியில்லாமல் வகுக்கும் எண் எது? கண்டுபிடிக்க யாராவது துணைக்கு வருவீர்களா?' கீழே முகவரி.

தமிழ்நாடு முழுவதிலிருந்தும் அவருக்கு வந்த பதில்... ஒன்றே ஒன்று!

அது மெகராஜ் பேகத்துடையது.

"ரெண்டால போகாது. மூணால போகாது. ஏழால போகாது" என்றாள் அவள். இப்போது குரலில் நடுக்கம் இல்லை. "அவரு ஒரு விதி கண்டுபிடிச்சு வச்சிருந்தாரு. முப்பத்தி நாலால வகுத்தா மீதி ஒன்னு வருதுல்ல... அந்த மாதிரி நம்பரை மட்டும் சோதிச்சுப் பார்த்தாப் போதும். ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம். ஒன்னுலயும் ஏழுலயும் முடியுறது அவருக்கு. மூணுலயும் ஒம்பதுலயும் முடியுறது எனக்கு. வாரத்துக்கு ஆளுக்கு இருவத்தஞ்சு நம்பர். வகுத்துப் பார்த்து மீதியை எழுதி அனுப்பிக்கிடுவோம்."

"மெஷின்ல போட வேண்டியதுதானே?"

"கால்குலேட்டர்ல எட்டு இலக்கம்தான் நிக்கும் சார். இது பதினேழு. கையாலதான்."

"சரி... கண்டுபிடிச்சா என்ன கெடைக்கும்? பரிசா?"

"ஒண்ணும் கெடைக்காது சார்."

காதரும் ஆண்டிச்சாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப கொலைக்கு வாங்கம்மா."

அவள் கார்டில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

2531845.

"அஞ்சு சார். அஞ்சுல முடியுற நம்பரை எதால பெருக்குனாலும் கடைசியில அஞ்சு வரும், இல்லாட்டி சைபர் வரும். ஒன்னு வரவே வராது! அதனால அஞ்சு எங்க ரெண்டு பேருக்குமே கெடையாது. பதினோரு வருசத்துல ஒரு தடவைகூட அவரு அதைத் தொட்டது இல்ல. போன செவ்வாக்கிழமை கார்டே வரல. இன்னிக்கு வந்திருக்கு... அஞ்சோட! இதை எழுதுனது அவரு இல்ல சார். வேற யாரோ அவரை மாதிரி எழுதுதாக. அப்ப அவரு என்ன ஆனாரு?"

"கையெழுத்து?"

"அதே மாதிரிதான் இருக்கு. கையெழுத்தை யாரு வேணும்னாலும் காப்பி அடிக்கலாம்ல?"

"வயசானவருதானே... கை தவறியிருக்கும்."

"எங்கம்மா மௌத்தானப்ப நான் ஒரு வாரம் கார்டு போடல" என்றாள் மெகராஜ் பேகம். "அடுத்த கார்டுல நம்பருக்குக் கீழ 'காத்திருந்தேன்'னு ஒரு வார்த்தை எழுதியிருந்தாரு. பதினோரு வருசத்துல அவரு எழுதுன ஒரே வார்த்தை அதுதான் சார். கை தவறுற ஆள் இல்ல அவரு."

ஆண்டிச்சாமி இட்லிப் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

"ஏட்டய்யா... ஜீப்பை எடுங்க."

*

மாடிக் கதவில் பூட்டு.

கீழ் வீட்டிலிருந்து ஒருவன் வெளியே வந்தான். முப்பது வயது. கழுத்தில் மைனர் செயின், சட்டையெல்லாம் மரத்தூள்.

மாரிசாமி. ராஜரத்தினத்தின் தம்பி மகன். ஊருக்கு வெளியே மரம் அறுக்கும் மில் வைத்திருந்தான்.

"பெரியப்பாவா? காசிக்குப் போயிருக்காரு ஐயா. பட்டாளத்துச் சேக்காளி ஒருத்தர் கூப்பிட்டாராம். போயி பன்னெண்டு நாளாச்சு."

"அப்படியா?" ஆண்டிச்சாமி கார்டைத் திருப்பினார். "காசிக்குப் போனவரு எழுதுன கார்டுல சனிக்கிழமை தேதி போட்டு ராஜபாளையம் முத்திரை விழுந்திருக்கே... அது எப்படிய்யா?"

மாரிசாமி கழுத்துச் செயினைத் திருகினான்.

ஒரே ஒரு விநாடி!

பிறகு சிரித்தான். "அதுவா ஐயா... போறதுக்கு முன்னாடியே நாலஞ்சு கார்டு எழுதி வச்சிட்டாரு. வாரத்துக்கு ஒண்ணா தபால்ல போடுன்னாரு. போன வாரம் மறந்துட்டேன். ஏச்சு வாங்கணும்."

ஆண்டிச்சாமி பெருமூச்சு விட்டார்.

எல்லாம் பொருந்தியது. முத்திரை, வராத கார்டு, பூட்டு... எல்லாமே!

"கேட்டியளாம்மா? ஆள் காசியில கங்கையில குளிச்சுக்கிட்டு இருக்காரு. வாங்க, பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுதேன்."

மெகராஜ் பேகம் நகரவில்லை.

கார்டின் அடி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொசுறாக ஒரு வரி. காலையிலேயே கண்ணில் பட்டதுதான். ஐந்தைக் கண்ட பதற்றத்தில் மனசில் ஏறவில்லை.

2531743. 248-ஐ அடித்துவிட்டு, 284.

"சார்..."

"என்னம்மா?"

"மூணுல முடியுது. இது என் பங்கு. போன புதன்கிழமை நான் போட்ட கார்டுல இருந்த நம்பர்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பைக்குள்ள என் நோட்டு இருக்கு. மீதி 284. கார்டுல எடுத்து எழுதுறப்ப நாலையும் எட்டையும் மாத்திட்டேன். அதைத் திருத்தியிருக்காரு!"

"அதனால?"

"நான் கார்டு போட்டே ஆறு நாள்தான் சார் ஆச்சு! பன்னெண்டு நாளைக்கு முன்னாடி எழுதி வச்சிட்டுப் போனவரு... ஆறு நாளைக்கு முன்னாடி நான் பண்ணுன தப்பை எப்படித் திருத்துவாரு?"

ஆண்டிச்சாமி மாரிசாமி பக்கம் திரும்பினார்.

தெருக்கோடியில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"வேற எவனும் இதை வகுத்துச் சரிபார்க்க மாட்டான் சார். இதை எழுதுனது அவருதான்... அந்த அஞ்சும் அவரு எழுதுனதுதான்! வேணும்னே எழுதியிருக்காரு! அவரு உசிரோட இருக்காரு சார்!"

மாரிசாமி பாய்ந்தான்!

வீட்டுக்குள் ஓடி, புழக்கடை வழியாகச் சுவர் ஏறிக் குதித்தான். குதித்த இடத்தில் ஏட்டு காதர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருட சர்வீஸ். யார் எந்தச் சுவரில் குதிப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

"ஏலே... எங்க அவசரமாப் போறே? காசிக்கா?"

பளார்!

"எங்கடா அவரு?" ஆண்டிச்சாமி சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"தோப்பு... அடிவாரத்துத் தோப்பு... மோட்டார் ரூம்ல..."

"உசிரோடவா?"

மாரிசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆண்டிச்சாமி பிடியை இறுக்கினார்.

"சொல்லுடா!"

"பன்னெண்டரைக்கு லாரி கெளம்பும்... லோடு ஏத்துன பொறவு... சாட்சி இருக்கக் கூடாதுன்னு ஆளை முடிச்சிரச் சொல்லியிருக்கேன்..."

மணி பன்னிரண்டு ஐந்து!

*

ஜீப் பறந்தது.

இரண்டு பக்கமும் மாந்தோப்புகள். எதிரே மலை நெருங்கி வந்தது. பின்சீட்டில் மெகராஜ் பேகம் கம்பியைப் பிடித்தபடி உதடுகளை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

துவா செய்கிறாள் என்று நினைத்தார் காதர்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று முதல்... வரிசையாக. பதற்றம் வந்தால் அவளுக்கு அதுதான் தெரியும்.

தோப்புக்குள் லாரி நின்றிருந்தது. பாதி ஏற்றிய கட்டைகள். கன்னங்கரேலென்று வைரம் பாய்ந்த ஈட்டி மரம்! மலைக்குள் திருட்டுத்தனமாக வெட்டியது.

ஜீப்பைப் பார்த்ததும் இரண்டு பேர் வரப்பில் குதித்து ஓடினார்கள். மூன்றாவது ஆள் ஓடவில்லை. மோட்டார் ரூம் கதவைத் திறந்துகொண்டிருந்தான். அவன் கையில்... அரிவாள்!

"போடுறா கீழ!"

டுமீல்!

ஆண்டிச்சாமியின் குண்டு ஆகாயத்தைத்தான் துளைத்தது. அரிவாள் தானாகக் கீழே விழுந்தது.

உள்ளே இருட்டு. ஆயில் நாற்றம். கால் சங்கிலியில் கட்டப்பட்டு, மூலையில் ஒரு மனிதர். பன்னிரண்டு நாள் தாடி. மெலிந்த உடம்பு. தரையெல்லாம் கரிக்கட்டியால் கிறுக்கிய எண்கள்.

வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். காக்கியைத் தாண்டி, வாசலில் நின்ற நீலச் சேலையைப் பார்த்தார்.

"கார்டு... வந்திருச்சா?"

"வந்திருச்சு" என்றாள் மெகராஜ் பேகம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு வருடம். பன்னிரண்டு கிலோமீட்டர். முதல் முறை!

ராஜரத்தினம் தாடியைத் தடவிக்கொண்டார்.

"நீங்க... உசரமா இருப்பீயன்னு நெனச்சேன்."

*

ஆஸ்பத்திரி. பிற்பகல் மூன்று மணி. ராஜரத்தினத்தின் கையில் சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டிச்சாமி வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார்.

"மாரிசாமி தோப்புல ஈட்டி மரத்தை ஒளிச்சு வச்சிருந்ததைப் பார்த்துட்டேன். போலீசுக்குப் போறேன்னேன். அரிவாளை எடுத்தான். பெரியப்பன்னு கை வரல போல, அடைச்சுப் போட்டான். பொறவு இவுக கார்டு வந்துச்சு. 'இந்த வாரமும் பதில் வரலேன்னா நேரில் வருவேன்'னு எழுதியிருந்தாக. பயல் பயந்துட்டான். இவுக கார்டையும் ஒரு வெத்துக் கார்டையும் கொண்டாந்து குடுத்து, பதில் எழுதச் சொன்னான். நம்பரைத் தவிர ஒரு எழுத்து இருந்தாலும் தொலைச்சிருவேன்னான்."

"நம்பராலயே தகவல் சொல்லிட்டியளாக்கும்!"

"அஞ்சை ஒரு ஆள்தான் கவனிப்பாக சார். உலகத்துல வேற யாரும் என் கார்டை வாசிக்கதில்ல."

மெகராஜ் பேகம் தலை குனிந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"அந்த 248-ஆ? அதைத்தான் திருத்திட்டேனே."

"அது இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. 2071723."

ராஜரத்தினம் கண்ணை மூடி யோசித்தார். "மூணுல முடியுது. உங்க பங்கு. மீதி... அம்பத்தேழுன்னு எழுதியிருந்தீய."

"மீதி வரல."

"என்ன?"

"சைபர்."

மின்விசிறி கிரீச்சிட்டது.

ராஜரத்தினம் ஊசி குத்தாத கையை நீட்டினார். ஆண்டிச்சாமி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு கொடுத்தார்.

அவர் வகுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு இலக்கமாக. பத்து நிமிடம்.

5363222357.

கடைசியில் ஒரு வட்டம். சைபர்!

"ரெண்டு வருசம்!" அவர் குரல் உடைந்தது. "ரெண்டு வருசமா ஒண்ணுமில்லாததுக்கு ஒக்காந்து வகுத்துக்கிட்டு இருந்திருக்கேன்! ஏன் சொல்லல?"

"சொன்னா..." முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "சொன்னா, பொறவு எனக்கு எதுக்குக் கார்டு வரும்?"

ராஜரத்தினம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம். திரும்பவே இல்லை.

மெகராஜ் பேகம் ரெக்சின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்தாள். கதவு வரை போனாள். இனி செவ்வாய்க்கிழமைகளில் தபால்காரர் அவள் வீட்டைத் தாண்டிப் போவார். அவ்வளவுதான்.

"நில்லுங்க."

நின்றாள்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "பதினெட்டு ஒன்னு?"

அவளுக்கு ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் பை தோளிலிருந்து நழுவியது.

"வேண்டாம். அது மூணாலயே போயிரும்."

"பத்தொம்பது?"

"மூணால போகாது... ஏழால, பதினொன்னாலயும் போகாது..." மனசுக்குள் வகுத்தாள். "லேசுல மசியாதுன்னு தோணுது."

ராஜரத்தினம் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"சரி. ஆனா இந்தத் தடவை மூணும் ஒம்பதும் எனக்கு! உங்களை நம்ப முடியாது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆண்டிச்சாமியால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க... அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கு. கார்டு எதுக்கு? ஞாயித்துக்கிழமை நேர்ல உக்காந்து பேசிக்கிட்டே வகுக்க வேண்டியதுதானே?"

இருவரும் அவரை விநோதமாகப் பார்த்தார்கள்.

"நேர்ல..." ராஜரத்தினம் தடுமாறினார். "நேர்ல என்ன சார் பேச?"

மெகராஜ் பேகமும் தலையசைத்தாள். "கார்டு போதும் சார்."

நாலரை மணி பஸ்ஸில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். ஜன்னலோரம். தனியாக.

*

மறுநாள். ஸ்டேஷன்.

"குற்றப்பத்திரிகையில அந்த நம்பரை என்னன்னு எழுதுததுன்னு தெரியல. ஏட்டய்யா, உங்க தெருவுல காலேஜ் கணக்கு புரொஃபசர் இருக்காருல்ல... கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தார் ஆண்டிச்சாமி.

காதர் திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஐயா... பதினேழு ஒன்னை வெளிநாட்டுல நூறு வருசத்துக்கு முன்னாடியே ஒடைச்சுட்டாகளாம். புஸ்தகத்துலயே இருக்காம். எடுத்துக் காட்டுனாரு. அதே ரெண்டு நம்பர்தான்!"

"அடப்பாவமே! சரி, விடும். அதுதான் முடிஞ்சு போச்சே. இனிமே பத்தொம்பதுதானே?"

"அதையும் கேட்டேன் ஐயா..." காதர் குரலைத் தாழ்த்தினார். "அது பகா எண்ணாம்."

"அப்படின்னா?"

"எந்த நம்பராலயும் போகாது! மீதி வந்துக்கிட்டேதான் இருக்கும். இவுக ரெண்டு பேரும் ஆயுசு பூரா வகுத்தாலும் கெடைக்காது ஐயா! பாவம்... இன்னும் கார்டு போட ஆரம்பிச்சிருக்க மாட்டாக. எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு அந்தம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லிரட்டுமா?"

ரிசீவரைத் தொட்ட காதரின் கைமேல் ஆண்டிச்சாமியின் லத்தி மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"ஏட்டய்யா... நீரு மட்டும் வாயைத் தொறந்தீரு... பிளவக்கல் அணையில தண்ணியை எண்ணுற டூட்டி போட்டுருவேன்!"